கல்லாகக் கிடந்த பல் - லாம்னிடே சுறாக்கள் பெயர் பெற்ற கதை

1666-ம் ஆண்டு, அக்டோபர் மாதம். இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்துக்கு அருகே மீனவர்கள் ஒரு ராட்சத சுறாவைப் பிடித்தார்கள். செய்தி டஸ்கனி நாட்டை ஆண்டுகொண்டிருந்த இரண்டாம் ஃபெர்டினாண்டோவின் காதுக்குப் போனது. அறிவியலில் ஆர்வம் கொண்ட அவர், "அந்தத் தலையை வெட்டி ஃப்ளோரன்ஸ் நகருக்கு அனுப்புங்கள்" என்று உத்தரவிட்டார். தலையை அறுத்துப் பார்க்கும் வேலை நிக்கோலஸ் ஸ்டெனோ என்ற டென்மார்க் நாட்டு உடற்கூறு அறிஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 28 தான்.

ஸ்டெனோ அந்தத் தலையின் தோல், கண், மூளை, நரம்பு எல்லாவற்றையும் ஆராய்ந்தார். கடைசியில் அவர் கவனம் பற்களில் போய் நின்றது. முக்கோண வடிவம், ரம்பம் போன்ற ஓரம். இதே போன்ற பொருளை ஐரோப்பா முழுவதும் மக்கள் ஏற்கெனவே கையில் வைத்திருந்தார்கள். ஆனால் அதை அவர்கள் பல் என்று சொல்லவில்லை. "நாக்குக் கல்" என்று சொன்னார்கள்!

அந்தச் சுறாவை இன்று உலகம் "பெரிய வெள்ளைச் சுறா" என்கிறது. அது லாம்னிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. உலகின் வேகமான, வலிமையான வேட்டைச் சுறாக்கள் சில இந்தக் குடும்பத்தில்தான் இருக்கின்றன. மொத்தமே ஐந்து இனங்கள். இந்த ஐந்துக்கும் சரியான பெயர் வைத்து, சரியான இடத்தில் உட்கார வைக்க மனிதனுக்கு முந்நூறு ஆண்டுகள் பிடித்தன. பெயரில் என்ன இருக்கிறது என்று சாதாரணமாகக் கேட்பதுண்டு. இந்தச் சுறாக்களின் வரலாற்றைப் பார்த்தால், பெயரில்தான் உயிரே இருக்கிறது என்று சொல்லத் தோன்றும்.

வானத்திலிருந்து விழுந்த நாக்கு

நாக்குக் கற்கள் பாறைகளுக்குள்ளும் மண்ணுக்குள்ளும் கிடைத்தன. கடலுக்கு வெகு தூரத்தில், மலைமேல்கூட கிடைத்தன. அவை எங்கிருந்து வந்தன என்பதற்கு ஆளாளுக்கு ஒரு கதை சொன்னார்கள். ரோமாபுரியின் ப்ளினி, சந்திரன் தேயும் இரவில் இவை வானத்திலிருந்து விழுவதாக எழுதி வைத்தார். மால்டா தீவில் வேறு கதை. புனித பவுல் அந்தத் தீவில் கரையேறியபோது ஒரு விஷப்பாம்பு அவரைக் கடித்தது, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, அன்றிலிருந்து அந்தத் தீவின் பாம்புகள் விஷத்தை இழந்துவிட்டன, அந்தப் பாம்புகளின் நாக்குகளே இப்படிக் கல்லாகிவிட்டன என்று மக்கள் நம்பினார்கள்.

இந்த நம்பிக்கை ஒரு வியாபாரத்தையும் உண்டாக்கியது. நாக்குக் கல் விஷத்தை முறிக்கும் என்று கருதியதால் பிரபுக்களும் செல்வந்தர்களும் அவற்றை வாங்கினார்கள். சாப்பாட்டு மேஜையில் வைத்தார்கள், கழுத்தில் தாயத்தாகக் கட்டிக்கொண்டார்கள். யார் எப்போது விஷம் வைப்பார்களோ என்று பயந்து வாழ்ந்த காலம் அது. ஒரு சுறாவின் பல் அவர்களுக்குக் காவல் தெய்வமாக இருந்தது.

இவை சுறாப் பற்களே என்று முதலில் சொன்னவர் ஸ்டெனோ அல்ல. பிரான்ஸின் ரோண்டலே 1554-லேயே இந்த ஒற்றுமையைக் கவனித்திருந்தார். இத்தாலியின் ஃபேபியோ கொலோன்னா 1616-ல் இவை பற்கள்தான் என்று வாதிட்டார். ஆனால் 1667-ல் வெளியான ஸ்டெனோவின் கட்டுரை அடுத்த கேள்வியைக் கேட்டது. கடல் மீனின் பல் பாறைக்குள் எப்படிப் போனது? அந்தப் பாறை ஒரு காலத்தில் மெத்தென்ற சேறாக இருந்திருக்க வேண்டும், அந்தச் சேற்றின்மேல் தண்ணீர் நின்றிருக்க வேண்டும் என்று அவர் யோசித்தார். இரண்டு ஆண்டுகளில், 1669-ல், அந்த யோசனை ஒரு நூலாக வளர்ந்தது. பாறைகள் அடுக்கடுக்காகப் படிகின்றன, அடியில் இருக்கும் அடுக்கு பழையது, மேலே இருப்பது புதியது என்ற விதியை அவர் அதில் எழுதினார். நிலவியல் என்ற துறைக்கே அது அஸ்திவாரம். ஒரு சுறாவின் தலையிலிருந்து பூமியின் வயதைப் படிக்கும் பாதை திறந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

தவளையோடு சேர்த்து வைக்கப்பட்ட சுறா

பல் யாருடையது என்று தெரிந்துவிட்டது. ஆனால் அந்தச் சுறாவுக்கு உலகம் முழுவதும் ஒரே பெயர் இல்லை. ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒவ்வொரு பெயர். இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்ட வந்தவர் ஸ்வீடனின் கார்ல் லின்னேயஸ். 1758-ல் வந்த அவருடைய நூலின் பத்தாம் பதிப்பில் இந்தச் சுறாவுக்கு "ஸ்குவாலஸ் கார்கேரியாஸ்" என்று பெயர் வைத்தார். விலங்குகளின் அறிவியல் பெயர்களுக்கெல்லாம் இன்றுவரை அந்தப் பதிப்புதான் தொடக்கப் புள்ளி.

அதில் ஒரு வேடிக்கை உண்டு. லின்னேயஸ் சுறாக்களை மீன் வகுப்பில் சேர்க்கவில்லை. தவளை, பாம்பு, ஆமை ஆகியவை இருந்த வகுப்பில், "நீந்துபவை" என்று ஒரு பிரிவு போட்டு அதில் சேர்த்துவிட்டார்! அதோடு, அவருக்குத் தெரிந்த எல்லாச் சுறாக்களுக்கும் "ஸ்குவாலஸ்" என்ற ஒரே பேரினப் பெயர்தான். ஒரு முழம் நீளமுள்ள சுறாவும் ஆறு மீட்டர் வேட்டைக்காரனும் ஒரே பெட்டியில். அந்தப் பெட்டியைப் பிரித்து அடுக்கும் வேலை அடுத்த நூற்றாண்டுக்குப் போனது.

ஐந்து பெயர்கள், ஐந்து காலங்கள்

லாம்னிடே குடும்பத்தின் ஐந்து உறுப்பினர்களும் ஒரே நாளில் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் அல்ல.

1. பெரிய வெள்ளைச் சுறா (கார்காரோடான் கார்கேரியாஸ்): 1758-ல் லின்னேயஸ் பெயரிட்டது. குடும்பத்தில் இதுதான் பெரியது, பெண் சுறா ஆறு மீட்டர் வரை வளரும். பேரினப் பெயரான "கார்காரோடான்" பின்னால் வந்தது. தென்னாப்பிரிக்காவில் ராணுவ மருத்துவராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் ஆண்ட்ரூ ஸ்மித் உருவாக்கிய பெயர் அது. கிரேக்கத்தில் கூரிய பல் என்று பொருள்.

2. போர்பீகிள் சுறா (லாம்னா நேசஸ்): 1788-ல் பிரான்ஸின் போன்னத்தேர் பெயரிட்டது. வட அட்லாண்டிக்கிலும் தென்கோளத்தின் குளிர்ந்த கடல்களிலும் வாழ்வது. "நேசஸ்" என்றால் மூக்கு. லாம்னா என்ற பேரினப் பெயரை 1816-ல் கூவியே கொடுத்தார். குடும்பத்தின் பெயர் இதிலிருந்துதான் வந்தது.

3. குறுந்துடுப்பு மாக்கோ (ஐசூரஸ் ஆக்சிரிங்கஸ்): 1810-ல் ரஃபினெஸ்க் பெயரிட்டது. இவர் சிசிலித் தீவில் வியாபாரம் பார்த்துக்கொண்டே மீன்களை ஆராய்ந்தவர். "ஐசூரஸ்" என்றால் சமமான வால், "ஆக்சிரிங்கஸ்" என்றால் கூரிய மூக்கு. மாக்கோ என்பது நியூசிலாந்தின் மவோரி மொழிச் சொல். சுறாக்களில் மிக வேகமானது இதுவே என்று கருதப்படுகிறது. தண்ணீரை விட்டு உயரமாகத் துள்ளவும் செய்யும்.

4. சால்மன் சுறா (லாம்னா டைட்ரோபிஸ்): 1947-ல் ஹப்ஸ், ஃபாலெட் என்ற இரண்டு அமெரிக்கர்கள் பெயரிட்டது. வட பசிபிக்கில் மட்டும் வாழ்வது. அதுவரை இதையும் போர்பீகிள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

5. நெடுந்துடுப்பு மாக்கோ (ஐசூரஸ் பாக்கஸ்): 1966-ல் கியூபாவின் தாரியோ குய்டார்ட் மாண்டே பெயரிட்டது. "பாக்கஸ்" என்றால் குறைவானது, அரிதானது.

கடைசி இரண்டு ஆண்டுகளைக் கவனித்தால் ஆச்சரியமாக இருக்கும். மனிதன் விண்வெளிக்குப் போனது 1961-ல். அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்துத்தான், நான்கு மீட்டர் வளரக்கூடிய ஒரு சுறாவுக்குத் தனிப்பெயர் கிடைத்தது! அதுவரை அது கடலில் இல்லாமல் இல்லை. மீனவர்களின் தூண்டிலில் மாட்டிக்கொண்டுதான் இருந்தது. கணக்கில் மட்டும் இல்லை.

குடும்பம் உருவான கதை

லாம்னிடே என்ற குடும்பப் பெயரை 1835-ல் கொடுத்தவர் சார்ல்ஸ் லூசியன் போனபார்ட். ஆம், நெப்போலியனின் தம்பி மகன்தான். சித்தப்பாக்களும் பெரியப்பாவும் நாடுகளைப் பிடித்துக்கொண்டிருந்த குடும்பத்தில் பிறந்து, இவர் பறவைகளையும் மீன்களையும் வகைப்படுத்திக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு 1838 முதல் 1841 வரை பெர்லினில் யோஹன்னஸ் மூல்லர், யாக்கோப் ஹென்லே இருவரும் சேர்ந்து சுறாக்களையும் திருக்கைகளையும் பற்றி ஒரு பெரிய நூலை வெளியிட்டார்கள். ஸ்மித்தின் "கார்காரோடான்" என்ற பெயர் நிலைபெற்றது இந்த நூல் வழியாகத்தான். பள்ளியில் உயிரியல் படித்தவர்களுக்கு ஹென்லே என்ற பெயர் பரிச்சயமாக இருக்கும். சிறுநீரகத்தில் வரும் "ஹென்லே வளைவு" இவர் பெயரில் உள்ளதே.

இந்தக் குடும்பம் அடங்கியிருக்கும் பெரிய பிரிவுக்கு லாம்னிஃபார்மஸ் வரிசை என்று பெயர். நீளவால் கொண்ட கசையால் சுறா, பூதச் சுறா, பெருவாய்ச் சுறா, மிதவை உயிர்களை வடிகட்டி உண்ணும் பாஸ்கிங் சுறா ஆகியவையும் அதே வரிசையில் வருகின்றன. ஆனால் அவை தனித்தனிக் குடும்பங்கள். லாம்னிடே குடும்பத்தைப் பொதுவாகக் "கானாங்கெளுத்திச் சுறாக்கள்" என்று அழைப்பதுண்டு. உடல்வாகு அந்த மீனைப் போல இருப்பதே காரணம்.

இந்தக் குடும்பத்தை எப்படி அடையாளம் காண்பது?

* இரு முனையும் கூம்பிய, நடுவில் பருத்த உடல். கூம்பு போன்ற மூக்கு.
* பிறை வடிவ வால். பெரும்பாலான சுறாக்களுக்கு வாலின் மேல்பகுதி நீளமாகவும் கீழ்ப்பகுதி குட்டையாகவும் இருக்கும். இவற்றுக்கு இரண்டும் ஏறக்குறைய சமம்.
* வால் தொடங்கும் இடத்தில் இருபுறமும் தட்டையான மேடு. படகின் அடிக்கட்டையைப் போன்றது. லாம்னா பேரினத்துக்கு அதன் கீழே இன்னொரு சிறிய மேடும் உண்டு. "டைட்ரோபிஸ்" என்றால் இரண்டு அடிக்கட்டை என்றே பொருள்.
* ஐந்து நீண்ட செவுள் பிளவுகள். ஐந்துமே மார்புத் துடுப்புக்கு முன்னால் இருக்கும்.
* பெரிய முதல் முதுகுத் துடுப்பு, மிகச் சிறிய இரண்டாம் முதுகுத் துடுப்பு.
* மேலே கருநீலம் அல்லது சாம்பல், அடியில் வெள்ளை. மேலிருந்து பார்த்தால் கடலின் இருட்டோடும், கீழிருந்து பார்த்தால் வானத்தின் வெளிச்சத்தோடும் கலந்துவிடும்.

பற்களைப் பார்த்தால் யார் எவர் என்று சொல்லிவிடலாம். வெள்ளைச் சுறாவுக்கு அகன்ற முக்கோணம், ரம்ப ஓரம். மாக்கோவுக்கு மெலிந்து வளைந்த, ஓரம் மழமழப்பான கத்தி. போர்பீகிளுக்கும் சால்மன் சுறாவுக்கும் பெரிய பல்லின் அடியில் இருபுறமும் குட்டி முனைகள்.

இந்தச் சுறாக்கள் மூச்சு விடுவதற்கே நீந்திக்கொண்டிருக்க வேண்டும். வாயைத் திறந்தபடி முன்னேறினால்தான் செவுளுக்குள் தண்ணீர் பாயும்.

மீனுக்குச் சூடான ரத்தமா?

எல்லா மீன்களும் குளிர்ரத்தப் பிராணிகள் என்றுதான் பாடப்புத்தகம் சொல்லும். 1835-ல் ஜான் டேவி என்ற ஆங்கில மருத்துவர் சூரை மீனின் உடல், கடல் நீரைவிட மிகவும் சூடாக இருப்பதாக எழுதினார். அதே காலத்தில் மேலே சொன்ன அதே மூல்லர், எஷ்ரிக்ட் என்பவரோடு சேர்ந்து சூரை மீனின் ஈரலில் ஒரு விசித்திரமான ரத்தக்குழாய் வலையைக் கண்டார். "அற்புத வலை" என்று அதற்குப் பெயர். 1923-ல் பர்ன் என்பவர் போர்பீகிள் சுறாவின் உடலிலும் அப்படிப்பட்ட வலைகளை விவரித்தார். ஆனாலும் சுறாவின் உடல் சூடானது என்பதை அளந்து நிரூபிக்க 1960-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் ஃபிராங்க் கேரியும் ஜான் டீலும் மாக்கோ, போர்பீகிள் இரண்டும் சூடான உடல் கொண்டவை என்று 1969-ல் வெளியிட்டார்கள்.

வேலை செய்யும் விதம் எளிது. நீந்தும் தசைகள் இயங்கும்போது சூடு உண்டாகிறது. சாதாரண மீனில் அந்தச் சூடு ரத்தத்தோடு செவுளுக்குப் போய்க் கடலில் கரைந்துவிடும். இந்தக் குடும்பத்திலோ, தசையிலிருந்து திரும்பும் சூடான ரத்தமும், செவுளிலிருந்து வரும் குளிர்ந்த ரத்தமும் ஒட்டி ஒட்டிச் செல்லும் நுண்குழாய்களில் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. சூடு வெளியே போவதற்குள் உள்ளே வரும் ரத்தத்துக்கு மாறிவிடுகிறது. ஈட்டிய பணம் வீட்டுக்குள்ளேயே சுழல்வது போல! இதில் சால்மன் சுறாவை மிஞ்ச ஆளில்லை. அலாஸ்காவின் குளிர்ந்த கடலிலும் அதன் உடல் தண்ணீரைவிடப் பல டிகிரி சூடாக இருக்கிறது. தசை, கண், மூளை எல்லாம் குளிரிலும் வேகமாக வேலை செய்வதால், குளிர்ந்த இரை தப்புவது கடினம்.

இந்தச் சூடுதான் தூரப் பயணத்துக்கும் உதவுகிறது. தென்னாப்பிரிக்காவில் 2003 நவம்பரில் கருவி பொருத்தப்பட்ட ஒரு பெண் வெள்ளைச் சுறா 99 நாளில் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்குப் போய்விட்டது. 2004 ஆகஸ்டில் மறுபடி தென்னாப்பிரிக்காவில் காணப்பட்டது. சுமார் ஒன்பது மாதத்தில் 20,000 கிலோமீட்டருக்கு மேல்! "நிக்கோல்" என்று அதற்குப் பெயரிட்டார்கள்.

வீட்டை விட்டு வெளியேற்றப்பட்ட மெகலடான்

மெகலடான் என்ற பெயர் தெரியாதவர்கள் குறைவு. அழிந்துபோன அந்த மாபெரும் சுறாவின் பற்களும் ரம்ப ஓரம் கொண்டவை. 1840-களில் ஸ்விட்சர்லாந்தின் லூயி அகாசி அதை வெள்ளைச் சுறாவின் பேரினத்திலேயே சேர்த்தார். அதனால் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, வெள்ளைச் சுறா என்பது மெகலடானின் சிறிய வாரிசு என்ற எண்ணம் நிலவியது.

1960-களில் அதற்கு எதிர்ப்பு கிளம்பியது. சோவியத் அறிஞர் கிளிக்மன், மெகலடானின் வம்சம் வேறு என்று 1964-ல் வாதிட்டார். விவாதம் பல ஆண்டுகள் நீண்டது. பெரு நாட்டின் பாலைவனத்தில் கிடைத்த ஒரு புதைபடிவம் வழக்குக்கு முக்கியச் சாட்சியானது. சுறாவின் எலும்புக்கூடு குருத்தெலும்பால் ஆனது, எளிதில் மக்கிவிடும், பெரும்பாலும் பல் மட்டுமே மிஞ்சும். இந்தப் புதைபடிவத்திலோ 222 பற்களும் 45 முதுகெலும்புத் துண்டுகளும் சேர்ந்தே கிடைத்தன. அந்தப் பற்களில் ரம்ப ஓரம் இருந்தது, ஆனால் முழுதாக வளரவில்லை. மாக்கோ போன்ற மழமழப்பான பல்லுக்கும் இன்றைய வெள்ளைச் சுறாவின் ரம்பப் பல்லுக்கும் நடுவே நிற்கும் நிலை. 2012-ல் அதற்கு "கார்காரோடான் ஹப்பெல்லி" என்று பெயரிட்டார்கள்.

ஆக, வெள்ளைச் சுறாவின் நெருங்கிய உறவு மாக்கோ. மெகலடானை இன்று பெரும்பாலானோர் ஓட்டோடஸ் என்ற பேரினத்தில், ஓட்டோடான்டிடே என்ற தனிக் குடும்பத்தில் வைக்கிறார்கள். இரண்டு வம்சமும் தனித்தனியாக ரம்பப் பல்லை வளர்த்துக்கொண்டன. ஸ்டெனோவுக்கு வழிகாட்டிய அதே பல், அகாசியைத் திசை திருப்பிவிட்டது!

பயம் வைத்த பெயர்

அறிவியல் ஒரு பக்கம் பெயர் வைத்தது. மறுபக்கம் பயமும் ஒரு பெயர் வைத்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கர்களுக்குச் சுறாவைப் பற்றிப் பெரிய பயம் இல்லை. ஹெர்மன் ஓல்ரிக்ஸ் என்ற கோடீஸ்வரர் 1891-லேயே, அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உயிருள்ள மனிதனைச் சுறா கடித்ததாக நிரூபித்தால் 500 டாலர் பரிசு என்று அறிவித்திருந்தார். அந்தப் பணத்தை யாரும் வாங்கவில்லை. அறிஞர்கள் சிலரும் அவர் பக்கமே நின்றார்கள்.

1916 ஜூலை 1 முதல் 12 வரை நியூ ஜெர்சி கரையில் நான்கு பேர் சுறாவால் இறந்தார்கள், ஒருவர் காயத்தோடு தப்பினார். கடைசித் தாக்குதல்கள் நடந்தது கடலில்கூட இல்லை, மாட்டவான் என்ற சிறிய கழியில். இரண்டு நாள் கழித்து அந்தப் பகுதியில் ஒரு வெள்ளைச் சுறா பிடிபட்டது. கழியில் தாக்கியது வெள்ளைச் சுறாவா, நன்னீருக்குள் வரக்கூடிய காளைச் சுறாவா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் பொதுமக்களுக்கு அந்த வித்தியாசம் தேவைப்படவில்லை. "சுறா" என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது.

1974-ல் பீட்டர் பெஞ்ச்லி எழுதிய "ஜாஸ்" நாவலும், அடுத்த ஆண்டு ஸ்பீல்பெர்க் எடுத்த படமும் அந்தச் சொல்லுக்கு வெள்ளைச் சுறாவின் முகத்தைக் கொடுத்தன. படம் வசூலை அள்ளியது. சுறாவைக் கொல்வது வீரம் என்ற எண்ணமும் பரவியது. பெஞ்ச்லி பின்னாளில் இதற்காக வருந்தி, 2006-ல் இறக்கும்வரை சுறாக்களின் பாதுகாப்புக்காகப் பேசினார். ஆஸ்திரேலியாவின் ராட்னி ஃபாக்ஸ் கதை இன்னும் விசேஷம். 1963-ல் வெள்ளைச் சுறாவிடம் கடிபட்டு, நூற்றுக்கணக்கான தையல்களோடு பிழைத்தவர். அவரும் பிறகு அதே சுறாவைக் காப்பாற்றச் சொல்லித்தான் வாழ்நாளைக் கழித்தார்.

கணக்குப் புத்தகத்தில் இல்லாத நஷ்டம்

சினிமாவைவிடப் பெரிய ஆபத்து மீன் சந்தையில் இருந்தது. போர்பீகிள் இறைச்சிக்கு ஐரோப்பாவில் நல்ல விலை. 1961-ல் நார்வேப் படகுகள் வடமேற்கு அட்லாண்டிக்குக்கு அதைத் தேடிப் போயின. 1964-ல் பிடிப்பு 9,000 டன்னைத் தாண்டியது. 1970-ல் 1,000 டன்னுக்கும் கீழே சரிந்தது. கடலில் மீன் தீர்ந்துவிட்டது!

காரணம் அதன் பிள்ளைப்பேறு. லாம்னிடே குடும்பத்தில் குட்டிகள் தாயின் வயிற்றிலேயே வளர்கின்றன. தாய் உற்பத்தி செய்யும் கருவுறாத முட்டைகளைத் தின்றே வளரும். பிறக்கும்போது நன்றாக வளர்ந்திருக்கும், ஆனால் எண்ணிக்கை மிகவும் குறைவு. போர்பீகிளுக்கு ஒரு பேற்றில் பெரும்பாலும் நான்கு குட்டிகள்தான். வெள்ளைச் சுறாவின் வயதைப் பற்றி 2014-ல் வந்த ஆய்வு இன்னும் அதிர்ச்சி தந்தது. 1950-60களின் அணுகுண்டுச் சோதனைகள் கடலில் கலந்த கதிரியக்கக் கார்பன் சுறாவின் முதுகெலும்பு வளையங்களில் பதிந்திருந்தது. அதைக் கொண்டு கணக்கிட்டபோது ஒரு சுறா 70 வயதைத் தாண்டி வாழ்ந்தது தெரிந்தது. பெண் சுறா தாயாவதற்கு 30 ஆண்டுகளுக்கு மேல் ஆகலாம் என்று அடுத்த ஆண்டு வந்த ஆய்வு கூறியது.

கணக்குப் படித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். வட்டியை எடுத்துச் செலவு செய்யலாம், முதலைத் தொடக்கூடாது. மத்தி போன்ற மீனில் வட்டி அதிகம். இந்தச் சுறாக்களில் வட்டி மிகமிகக் குறைவு. எனவே பிடித்ததில் பெரும்பகுதி முதலாகவே இருந்தது.

இங்கேதான் பெயரின் அருமை தெரிகிறது. பல நாடுகளின் மீன்பிடிக் கணக்கில் வெகு காலம் "சுறா - இத்தனை டன்" என்று ஒரே ஒரு தலைப்புதான் இருந்தது. ஒரு கடையில் எல்லாச் சரக்கையும் ஒரே தலைப்பில் எழுதினால், எது விற்றது, எது தீர்ந்தது என்று யாருக்குத் தெரியும்? மாக்கோ பாதியாகக் குறைந்து வேறொரு சுறா கூடினால் மொத்தம் அப்படியே இருக்கும். புத்தகத்தில் நஷ்டம் தெரியாது, கடலில் மட்டும் நடக்கும். துடுப்பை வெட்டிக்கொண்டு உடலைக் கடலில் வீசிவிட்டால் அந்த ஒரு வரிக்கணக்குகூட மிஞ்சாது.

அமெரிக்காவில் பறிமுதல் செய்யப்பட்ட துடுப்புகளை மரபணுச் சோதனை செய்தபோது, அவற்றில் வெள்ளைச் சுறாவின் துடுப்புகள், அதிலும் மிக இளம் சுறாக்களின் துடுப்புகள் இருந்ததை 2005-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அன்று பல்லைப் பார்த்து மீனைச் சொன்னார்கள், இன்று துடுப்பின் துணுக்கைப் பார்த்து இனத்தைச் சொல்கிறார்கள். ஸ்டெனோ செய்த அதே வேலைதான், கருவி மட்டும் வேறு.

பெயர் சரியாகத் தெரிந்த பிறகே சட்டம் வர முடிந்தது. 1991-ல் தென்னாப்பிரிக்கா வெள்ளைச் சுறாவுக்குப் பாதுகாப்பு கொடுத்தது. அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் வெள்ளைச் சுறா 2004-லும், போர்பீகிள் 2013-லும், இரண்டு மாக்கோக்களும் 2019-லும் இடம்பெற முடிவானது. அந்தப் பட்டியலில் சேர்ப்பது பேரினம், சிற்றினம் என்ற பெயரைக் கொண்டுதான். மாக்கோக்கள் இரண்டையும் "அழியும் ஆபத்தில்" உள்ளவை என்று உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அறிவித்திருக்கிறது. வட அட்லாண்டிக்கில் குறுந்துடுப்பு மாக்கோவைப் பிடித்துக் கப்பலில் வைத்திருக்க 2022 முதல் தடை வந்தது.

இந்தக் கதைக்கு நம் கரையிலும் ஒரு முனை உண்டு. குமரி மாவட்டத்தின் தூத்தூர் மீனவர்கள் ஆழ்கடல் சுறா வேட்டைக்குப் பெயர் பெற்றவர்கள். கொச்சித் துறைமுகத்தில் இறங்கும் ஆழ்கடல் சுறாக்களில் மாக்கோவும் உண்டு. சுறாத் துடுப்பு ஏற்றுமதியை இந்தியா 2015-ல் தடை செய்தது. மாதக்கணக்கில் கடலில் கிடந்து உழைப்பவர்களின் வருமானமும், முப்பது ஆண்டு காத்திருந்து தாயாகும் மீனின் உயிரும் ஒரே தராசின் இரண்டு தட்டுகளில் இருக்கின்றன. இதில் ஒரு தட்டை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது எளிது, நியாயம் ஆகாது. எந்தச் சுறா எத்தனை பிடிபட்டது என்று பெயர் வாரியாக எழுதும் கணக்கு ஒன்றுதான் இருவருக்கும் நியாயம் செய்யும்.

இன்னும் மிச்சமிருக்கும் பக்கங்கள்

முந்நூற்றைம்பது ஆண்டுகள் படித்தும் இந்தக் குடும்பம் முழுதாகப் பிடிபடவில்லை. வெள்ளைச் சுறா குட்டி போடுவதை இதுவரை எந்த விஞ்ஞானியும் கண்ணால் பார்த்ததில்லை. 2023 ஜூலையில் கலிஃபோர்னியா கடலில் ட்ரோன் கேமரா ஒன்றில் வெள்ளை நிறப் படலம் உரிந்துகொண்டிருக்கும் ஒரு குட்டி பதிவானது. அது பிறந்து சில மணி நேரமே ஆன குட்டியாக இருக்கலாம் என்று 2024-ல் எழுதினார்கள். இருக்கலாம் என்றுதான் எழுதினார்கள்.

லிவோர்னோவில் பிடிபட்ட சுறாவுக்கு அன்று முறையான பெயர்கூடக் கிடையாது. அதன் பல்லுக்கு மட்டும் பாம்பின் நாக்கு என்றும், வானத்துக் கல் என்றும் ஊர் ஊராகப் பெயர் இருந்தது. மனிதர்கள் விஷத்துக்குப் பயந்து அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டார்கள், அது தங்களைக் காப்பாற்றும் என்று நம்பினார்கள். இன்று அந்தப் பல்லுக்குச் சொந்தக்காரனைக் காப்பாற்ற வேண்டிய முறை மனிதனுடையது. அதற்குத் தாயத்து உதவாது. சரியான பெயரும், ஒழுங்கான கணக்கும்தான் உதவும்.